குழி, கொப்புளம், சுருக்கம்: வீட்டிலேயே வண்டிப் பாகங்களுக்கு வண்ணம் பூசும்போது வரும் குறைகளும் அவற்றின் வேரும்

பூசி முடித்த டேங்கில் ஒரு குறை கண்ணில் பட்டவுடன் கை உப்புத்தாளைத் தேடும். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடுங்கள். தேய்த்துவிட்டால் தடயம் அழிந்துவிடும். காரணம் தெரியாமல் மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால், அதே குறை அதே இடத்தில் வந்து நிற்கும். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு, விடுமுறை நாட்களில் பழைய புல்லட், ஜாவா, டிவிஎஸ் 50 பாகங்களுக்கு வண்ணம் பூசி வருகிறேன். டப்பாவில் இருந்த பெயிண்ட் சரியில்லாமல் வேலை கெட்டது எனக்கு மிக அரிது. நம் ஊர் வெயிலோ, கிணற்றுத் தண்ணீரோ, கையில் ஒட்டிய எண்ணெயோ பூச்சுக்கு முன்பே வேலையைக் கெடுத்து வைத்திருக்கும்.

முதலில் மூன்று சோதனைகள். பாகத்தைக் குழல்விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்து, விளக்கின் பிம்பம் எப்படி விழுகிறது என்று பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத அலையும் புள்ளியும் அந்தப் பிம்பத்தின் ஓரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து, மறைவான ஓரிடத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். தடம் பதிந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. கடைசியாக, தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் அதே மறைவிடத்தில் அரை நிமிடம் தேயுங்கள். வண்ணம் கரைந்து துணியில் இறங்கினால் அது என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) லாக்கர். தோல் சுருண்டால் சிந்தெடிக் எனாமல். ஒன்றும் ஆகவில்லை என்றால் ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்டோ, சூளையில் சுட்ட பூச்சோ, வண்ணத்தூளை மின்னேற்றி ஒட்டவைத்துச் சூட்டில் உருக்கும் பவுடர் பூச்சோதான். பழைய பூச்சின் மேல் பூசப் போகிறவர்களும் இந்தத் துணிச் சோதனையைச் செய்யாமல் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

பூசும்போதே சிறு குழிகள் விழுகின்றன

பூசிய சில நொடிகளில் பெயிண்ட் வட்ட வட்டமாக விலகி, நடுவில் அடிப்பூச்சு மீன் கண்போலத் தெரியும். இது எண்ணெய், வேறு யோசனையே வேண்டாம். எந்த எண்ணெய், எங்கிருந்து வந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

ஒரு புல்லட்டின் கருவிப்பெட்டி மூடி எனக்கு மூன்று வாரம் தொடர்ந்து இப்படித் தொல்லை கொடுத்தது. கம்ப்ரசர் எண்ணெய் கக்குகிறது என்று நினைத்து வடிகட்டியை மாற்றினேன். தின்னரை மாற்றினேன். கடைசியில் பெயிண்டையே மாற்றினேன். அம்மாதான் பின்வாசல் படியில் நின்று, "ஏம்ப்பா, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே உனக்குக் குழி விழுகிறது?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சமையலறையில் கறி வறுபடும். அந்த ஜன்னல் கொட்டகையைப் பார்த்தபடி இருக்கிறது. தாளிக்கும் புகையில் கலந்து வரும் எண்ணெய்த் துளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உலோகத்தின் மேல் படிந்துவிடும். அடுத்த வாரம் ஜன்னலைச் சாத்திவிட்டு, அடுப்பு பற்றவைக்கும் முன்பே பூசினேன். மூடி கண்ணாடிபோல வந்தது.

அதன்பிறகு எண்ணெயை வீடு முழுக்கப் பார்க்கத் தொடங்கினேன். தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் வியர்வையோடு நெற்றியில் இறங்கும். அதைத் துடைத்த கையே டேங்கைத் தூக்கும். செயினுக்கு அடித்த ஸ்பிரே காற்றில் வந்து ஒட்டும். எல்லாவற்றிலும் பொல்லாதது டயருக்குப் பளபளப்புக் கொடுக்கும் சிலிக்கான் பாலிஷ். அதைப் பூச்சு வேலை நடக்கும் இடத்துக்குள்ளேயே விடாதீர்கள்.

போக்கும் முறை இது. பூச்சு நன்றாகக் காயட்டும். குழியின் அடிவரை தேய்த்து எடுங்கள். பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் கொண்டு கழுவி உலர்த்துங்கள். பிறகு கொழுப்பு நீக்கும் கரைப்பானை ஒரு துணியால் தடவி, அது ஆவியாகும் முன்பே இன்னொரு காய்ந்த துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணியால் இரண்டையும் செய்தால் எண்ணெய் இடம்தான் மாறும். சுத்தமாகிவிட்டதா என்பதைத் தண்ணீரே சொல்லும். ஒரு கை தண்ணீரை அள்ளி உலோகத்தின் மேல் விடுங்கள். அது உடையாத படலமாக விரிந்து இறங்கினால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர்போல எங்காவது முத்து முத்தாகத் திரண்டால், திரண்ட இடத்தில் எண்ணெய் இருக்கிறது; மறுபடி துடையுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. இதைச் செய்யத் தொடங்கிய பிறகு எனக்குக் குழி விழுந்ததே இல்லை.

காய்ந்தபின் ஆரஞ்சுப் பழத் தோல்போல இருக்கிறது, அல்லது கையில் சொரசொரக்கிறது

வேலூரில் மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். சுற்றியுள்ள பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடாமல் வைத்திருக்கும். தகரக் கொட்டகையில் கிடந்த டேங்கைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டில் பெயிண்ட் துளி உலோகத்தில் விழுந்து பரவுவதற்குள் தின்னர் பறந்துவிடுகிறது. துளிகள் ஒன்றோடொன்று கலக்காமல் மேடு மேடாக உறைந்தால் ஆரஞ்சுத் தோல். காற்றிலேயே பாதி உலர்ந்து தூளாக வந்து உட்கார்ந்தால் சொரசொரப்பு.

அக்னி நட்சத்திர நாட்களில் நான் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடித்துவிடுவேன். பாகத்தை முந்தைய இரவே வீட்டுக்குள், சிமென்ட் தரையில் வைத்துவிடுவேன். புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். கடையில் மெதுவாக ஆவியாகும் தின்னர் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பிரே கன்னைப் பாகத்திலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், மணிக்கட்டைச் சுழற்றாமல், முழங்கையோடு சேர்த்து நகர்த்துங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்துவைத்தால் தூசி அடங்கும். நீரில்லாத ஆறு என்று பெயர் வாங்கிய பாலாற்றின் நுண்மணல், கோடைக்காற்றில் எங்கள் தெருவரைக்கும் வருகிறது.

வந்துவிட்ட தோலைச் சரிசெய்வது எளிது. நன்றாகக் காய்ந்தபின் 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர்களால் வரிசையாக நீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போடலாம். விளிம்புகளில் மட்டும் கை மெதுவாக இருக்கட்டும். அங்கே பூச்சு மெலிந்திருக்கும், இரண்டு தேய்ப்பில் உலோகம் தெரிந்துவிடும்.

மழை நாளில் பூசியது வெண்மையாக மூடம்போட்டுவிட்டது

ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் பூசுகிறவர்களுக்கு வரும் குறை. தின்னர் ஆவியாகும்போது உலோகத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் குளிர்ந்த பூச்சின் மேல் பனி படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. லாக்கரானால் ஈரம் குறைந்த நாளில் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மட்டும் மிக லேசாக ஒரு தூவல் விட்டால், பூச்சு இளகி மூடம் கலைந்துவிடும். பி.யு. பெயிண்டில் இந்த வைத்தியம் பலிக்காது. ஈரம் ஹார்ட்னரோடு வினைபுரிந்து நுண்குமிழ்களை உண்டாக்கிவிடும். தேய்த்துவிட்டு மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. உலோகத்தின் வெப்பம் காற்றின் பனிநிலையைவிட (ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. கணக்குப் போட முடியாதவர்கள் ஒரு எவர்சில்வர் தட்டை ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கலாம். கால் மணி நேரத்துக்குள் ஈரம் காயவில்லை என்றால் அன்று பூச வேண்டாம். கம்ப்ரசர் தொட்டியின் அடிக்குமிழைத் திறந்து தண்ணீரை வடிப்பதும் இந்த மாதங்களில் அன்றாட வேலை.

ஓரிரண்டு மாதம் கழித்துக் கொப்புளம் கிளம்புகிறது

ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்துங்கள். உள்ளே செம்பழுப்புத் தூள் இருந்தால் துரு. ஈரம் கசிந்து, காய்ந்ததும் வெள்ளைப் படிவு நின்றால் உப்பு. இரண்டும் சேர்ந்தே வருவதுதான் அதிகம்.

துருவின் கதை எல்லோருக்கும் தெரியும். தேய்த்த உலோகத்தை ஒரு இரவு வெறுமனே விட்டால், மறுநாள் காலை மெல்லிய செம்மை படர்ந்திருக்கும். விரல் வைத்த இடத்தில் ரேகையோடு துரு பிடித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். வியர்வை உப்பின் வேலை அது. தேய்த்த அன்றே பிரைமர் (அடிப்பூச்சு) ஏற வேண்டும். குழிக்குள் நிற்கும் கருந்துருவைப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியால் கரைத்து, டப்பாவில் சொன்னபடி கழுவி உலர்த்துங்கள்.

பலர் கவனிக்காதது உப்பு. பழைய வடஆற்காட்டின் பாலாற்றுப் பகுதியில், வாணியம்பாடி தொடங்கி ராணிப்பேட்டை வரை, தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது ஊரறிந்த செய்தி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னதும் இதைப் பற்றித்தான். குடிக்க முடியாத தண்ணீரில் கழுவிய இரும்பும் நலமாக இருக்காது. ஆழ்துளைக் கிணற்று நீரின் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு வெயிலில் உலரவிடுங்கள். சுண்ணாம்பால் கோலமிட்டதுபோல வெள்ளை வளையம் நின்றால், கழுவிய டேங்கின் மேலும் அதே வளையங்கள் நிற்கின்றன என்று பொருள். பூச்சின் அடியில் கிடக்கும் உப்பு, வெளி ஈரத்தைப் படலத்தின் வழியே உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சிய நீர்தான் கொப்புளமாகத் தள்ளுகிறது.

கடைசிக் கழுவலுக்கு நான் கேன் தண்ணீர்தான் பயன்படுத்துகிறேன். மழைக்காலத்தில் மாடியில் பிடித்த மழைநீர் அதைவிட நல்லது. கழுவியதும் துணியால் துடைத்து, ஹேர் டிரையரால் மடிப்புகளை உலர்த்திவிடுவேன். கொப்புளம் வந்த பாகத்துக்குப் பகுதிப் பூச்சு கைகொடுக்காது. அந்தத் துண்டு முழுவதையும் உலோகம் தெரிய எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, எபாக்சி பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாம் பூச்சு ஏறியதும் முதல் பூச்சு சுருங்கிவிட்டது

எனாமலின் மேல் லாக்கர் பூசினால் இப்படி ஆகும்; லாக்கர் தின்னரின் வேகத்தை எனாமல் தாங்காது. எனாமலின் மேல் எனாமலே பூசினாலும், மேல்தோல் உலர்ந்து உள்ளே பச்சையாக இருக்கும் நேரத்தில் பூசினால் சுருங்கும். டப்பாவில் சொன்ன இடைவெளிக்கு உள்ளே பூசுங்கள். தவறினால் முழுதாகக் காயும்வரை காத்திருங்கள். சுருங்கியதை மேலே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து மூடாதீர்கள். சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

அலுமினியத்திலும் குரோமிலும் தோல் உரிகிறது

பிளேடால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் நாடாவோடு வந்தால் பிடிப்பு இல்லை. அலுமினியத்தைத் தேய்த்த சிறிது நேரத்திலேயே அதன்மேல் ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் அதைப் பிடிக்காது. அமிலம் கலந்த எட்ச் பிரைமரை அன்றைக்கே மெல்லியதாகக் கொடுங்கள். அதன்மேல் நேரடியாகப் பாலியஸ்டர் பட்டி வைக்க வேண்டாம், அமிலம் பட்டியை இறுகவிடாது. குரோம் பாகங்களைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது: முலாமை முறையாக நீக்காமல் பூசவே கூடாது. முலாம் உரியத் தொடங்கிய மட்கார்டின் மேல் பூசிய எதுவும் முலாமோடுதான் உரியும்.

பெட்ரோல் சிந்திய இடம் இளகிவிட்டது

டேங்க் மூடியைச் சுற்றித்தான் இது முதலில் தெரியும். லாக்கரும் சாதாரண ஸ்பிரே டப்பா கிளியரும் (நிறமற்ற மேல்பூச்சு) பெட்ரோலைத் தாங்காது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் இன்னும் வேகமாக வேலையைக் காட்டும். டேங்குக்கு ஹார்ட்னர் கலந்த பி.யு. கிளியர்தான் சரி. கலவை விகிதத்தைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். அளவுக் கோப்பை வையுங்கள். கூடினாலும் குறைந்தாலும் பிசுபிசுப்பு மாறாது. திறந்து பல மாதமான ஹார்ட்னர் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கெட்டியாகியிருக்கும். அதைத் தூக்கிப் போடுங்கள். பூசியபின் ஒரு வாரம் பெட்ரோல் நிரப்பாமல் இருங்கள். மூடி உட்காரும் கழுத்தின் உள்விளிம்புவரை கிளியர் இறங்கியிருக்க வேண்டும், இளகல் அங்கிருந்துதான் நுழைகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைப் பாதித்து, ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகமூடியும் தூசி முகமூடியும் அதைத் தடுக்கா. வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகக்கவசம்தான் முழுப் பாதுகாப்பு. அந்த வசதி இல்லை என்றால் கிளியர் பூச்சை மட்டும் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வண்ணம் வழிந்துவிட்டது

ஒரே இடத்தில் கூடுதலாக விழுந்திருக்கிறது. ஈரத்தில் தொடாதீர்கள். காய்ந்தபின் மரக்கட்டையில் சுற்றிய 600 எண் தாளால் மேட்டை மட்டும் சமன்செய்யுங்கள்.

சைலன்சர் ஒரே வாரத்தில் பழுத்து உதிர்ந்துவிட்டது

சாதாரணப் பெயிண்ட் அங்கே நிற்காது, சாதாரணப் பவுடரும் நிற்காது. 600 டிகிரி தாங்கும் சிலிக்கான் வகை வெப்பப் பெயிண்ட் வாங்குங்கள். அடியில் சாதாரணப் பிரைமர் கூடாது. மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்து, காய்ந்தபின் இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு முழுதாக ஆறவிடுங்கள். அடுத்து பத்து நிமிடம், மறுபடி ஆறவிடுதல், பிறகு ஒரு சிறு ஓட்டம். இந்தப் படிப்படியான சூட்டில்தான் அது இறுகும். அதற்கு முன் நகம் பட்டாலே உரியும், அது குறையல்ல.

பவுடர் ஒட்டவில்லை, மூலைகளில் ஏறவில்லை

வீட்டில் சிறிய கன்னும் மின்சார ஓவனும் வைத்துச் சின்னப் பாகங்களுக்குப் பவுடர் பூசலாம். பவுடர் கண்ட ஓவன் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. காற்றில் மிதக்கும் பவுடர் தீப்பிடித்து வெடிக்கக்கூடியது. பக்கத்தில் மாடவிளக்குகூட எரியக் கூடாது.

பவுடர் மொத்தமாகவே உதிர்ந்தால் முதலில் எர்த் கொக்கியைப் பாருங்கள். முந்தைய வேலையில் கொக்கியின் மேலேயே பவுடர் உருகி உறை போட்டிருக்கும், மின்சாரம் கடக்காது. தொடும் இடத்தை வெற்று உலோகமாகச் சுரண்டுங்கள். கோடையில் பவுடர் கட்டி கட்டியாகிவிடும், அதனால் வீட்டின் குளிர்ந்த மூலையில் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். மூலைக்குள் ஏறவில்லை என்றால், மின்புலம் விளிம்புகளிலேயே பவுடரை இழுத்துக்கொள்கிறது என்று பொருள். மின்னழுத்தத்தையும் காற்றையும் குறைத்து, மூலைகளுக்கு முதலில் அடித்துவிட்டு விளிம்புக்குக் கடைசியாக வாருங்கள்.

வார்ப்பு அலுமினிய மூடிகளில் சுட்டபின் ஊசித்துளைகள் தெரிந்தால், உலோகத்தின் நுண்துளைகளில் இருந்த காற்றும் பழைய இன்ஜின் எண்ணெயும் வெளியேறியிருக்கின்றன. பவுடர் இல்லாமல் வெறும் பாகத்தை, சுடும் வெப்பத்தைவிட 20 டிகிரி கூட்டி அரை மணி நேரம் சுட்டு, கசிந்ததைத் துடைத்தபின் பூசுங்கள்.

பவுடர் பார்க்க நன்றாக இருக்கிறது, தட்டினால் சில்லாக உடைகிறது

வேகவில்லை. பெரும்பாலான பவுடர்கள் 180 முதல் 200 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம் வேக வேண்டும். அது உலோகத்தின் வெப்பம், ஓவன் காற்றின் வெப்பம் அல்ல. ஸ்டாண்டுபோன்ற கனமான பாகம் அந்தச் சூட்டுக்கு வரவே அரை மணி நேரம் ஆகலாம். அதற்குப் பிறகுதான் நிமிடம் எண்ணத் தொடங்க வேண்டும். மல்ட்டிமீட்டரோடு வரும், வெப்பம் அளக்கும் கம்பியைப் பாகத்தின் மறைவிடத்தில் கட்டிப் பாருங்கள். ஒருமுறை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்பதை மறந்து காலை எட்டரைக்கு ஓவனைப் போட்டுவிட்டேன். ஒன்பதுக்கு மின்சாரம் போனது. பதறாமல் மூடியே வைத்திருந்து, மாலையில் முழுச் சூட்டுக்கும் ஏற்றிச் சுட்டேன். பூச்சு முறையாக இறுகியது. அரைவேக்காட்டுப் பவுடரை மறுபடி சுடலாம். அளவுக்கு மீறிச் சுட்டு மஞ்சளித்ததைத்தான் மீட்க முடியாது.

ஓவனுக்குள் போகக் கூடாதவை சில உண்டு. பெட்ரோல் வாடை மிச்சமிருக்கும் டேங்க், ஈயப் பற்று வைத்து அடைத்த டேங்க் (ஈயப் பற்று 190 டிகிரிக்குள் உருகத் தொடங்கிவிடும்), பாடி பட்டி வைத்த தகடு, வாயு அடைத்த ஷாக் அப்சார்பர்.

வண்டியைப் பூட்டியபின் ஹாரன் அடிக்கவில்லை, விளக்கு மங்குகிறது, போல்ட்டுகள் தளர்கின்றன

பூச்சில் ஒரு குறையும் இல்லை. பூசக் கூடாத இடத்திலும் பூசியிருக்கிறோம். சேசிஸில் எர்த் கம்பி பிடிக்கும் இடத்தைச் சுரண்டி உலோகத்தைக் காட்டி, பூட்டியபின் மேலே கிரீஸ் தடவுங்கள். பேரிங் உட்காரும் குழிகள், மரைகள், இன்ஜின் மவுண்ட் முகங்கள், வீல் ஸ்பிண்டில் நட்டு அமரும் இடம் ஆகியவற்றை வெப்பம் தாங்கும் நாடாவாலும் சிலிக்கான் அடைப்பானாலும் பூசுவதற்கு முன்பே மூடியிருக்க வேண்டும். சேசிஸ் எண் பொறித்த இடத்தையும் மூடுங்கள். தடித்த பவுடர் எழுத்தை நிரப்பிவிட்டால் ஆய்வின்போது வாசிக்க முடியாது. நிறத்தையே மாற்றினால் பதிவுச் சான்றிதழிலும் மாற்ற வேண்டும்.

போல்ட்டு தளர்வதுதான் இவற்றில் ஆபத்தானது. நட்டின் அடியில் சிக்கிய பூச்சு அழுத்தத்திலும் சூட்டிலும் நசுங்கி மெலியும். மெலிந்த அளவுக்குப் பிடி தளரும். அந்த முகங்களைச் சுரண்டி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். காட்பாடி வரை ஒரு முறை போய்வந்து வண்டி ஆறியதும் சரிபாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை, குறிப்பாக முன்சக்கர ஸ்பிண்டிலையும் பிரேக் பிடிக்கும் போல்ட்டுகளையும்.